கோரைப் பள்ளத்தை மூட ஓர் அனுமதி

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பியபோது, இனி யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கும் வேலை இருக்காது என்று நினைத்தேன். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பது, வெளியே போக எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பது எல்லாம் ஒழிந்தது என்ற நினைப்பு. ஆனால் அங்கே ஒரு வசதி இருந்தது. கேட்டால் உண்டு, அல்லது இல்லை. எப்படியும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். என் சொந்த நிலத்தில் இருக்கிற ஒரு பள்ளத்தை மூடிக்கொள்ளலாமா என்று கேட்டு இரண்டரை வருடமாக அலைகிறேன். இன்றுவரை யாரும் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

நிலம் மகாராஜபுரம் பக்கம், மலையடிவாரத்தில். அப்பா வழியில் வந்த இரண்டரை ஏக்கர். வடக்கே கிணறும் மோட்டார் அறையும். தெற்கே மேட்டில் தென்னை. இரண்டுக்கும் நடுவில் நாற்பது சென்ட் பள்ளம். ஐப்பசியில் மழை பிடித்தால் அதில் தண்ணீர் நிற்கும். கோரை ஆள் உயரத்துக்கு வளரும். கொக்கும் நாரையும் இறங்கும். ஊரில் அதைக் கோரைப் பள்ளம் என்பார்கள்.

தொல்லை என்னவென்றால், மழை நின்ற பிறகும் பள்ளம் லேசில் வற்றாது. தை மாதம் மேட்டில் செம்மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும். தென்னை தண்ணீர் கேட்கும். பள்ளத்தில் மட்டும் இடுப்பளவு நிற்கும். கிணற்றுத் தண்ணீர் தென்னைக்குப் போக வேண்டுமானால் அந்தச் சேற்றைத் தாண்டித்தான் போகவேண்டும். சொட்டுநீர் போட்டபோது பெரிய பைப்பைப் பள்ளத்தின் குறுக்கே பதித்தோம். சேறு இளகியதும் பைப் மிதந்து மேலே வந்தது. ஜாயிண்ட் விட்டுப்போனது. மாட்டினேன். பத்து நாளில் மறுபடி விட்டது. இப்படி மூன்று வருடம்.

மூன்றாவது வருடம் ஒரு நாள் ஜாயிண்டைத் தேடி இறங்கியவன், தொடைவரை சேற்றில் புதைந்துவிட்டேன். ஒரு காலை எடுத்தால் மறுகால் இறங்குகிறது. என் மனைவி கிணற்றுக் கயிற்றைக் கொண்டுவந்து வீசி, கரையில் நின்ற வேப்பமரத்தில் ஒரு சுற்றுப் போட்டு இழுத்தாள். நான் கரையேறி மல்லாந்து கிடந்தபோது அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"மண்ண அடிச்சு மூடிருவோம். எம்புட்டு வருசத்துக்கு இதுல எறங்குவிய?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மூடிவிட்டால் பைப் அசையாது. டிராக்டரும் தென்னைவரை போகும். மண் அடிக்கும் டிப்பர்க்காரரைப் பார்த்தேன். தூரத்துச் சொந்தம்.

"மாமா, பேப்பர் இல்லாம வண்டிய விட மாட்டேன்" என்றார். "தண்ணி நிக்கிற எடத்துல மண்ணக் கொட்டுறத எவனாவது போன்ல படம் புடிச்சு அனுப்பிட்டான்னா, வண்டி ஸ்டேஷன்லதான் நிக்கும். அனுமதி வாங்கிட்டு வாங்க, அன்னைக்கே அடிச்சுத் தாரேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது.

கிராம அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்த்தவர் பட்டா என் பெயரில்தான் இருக்கிறது என்றார். ஆனால் பழைய பதிவில் அந்த இடத்துக்கு நேராக யாரோ 'பள்ளம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால் மேலே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

"மேலன்னா யாருகிட்ட?"

"மேலதான்" என்றார்.

எந்தெந்த அலுவலகம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே இருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர்கூடக் கையை நீட்டவில்லை. அப்படி யாராவது நீட்டியிருந்தால் கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டேன். தண்ணீர் சம்பந்தப்பட்டது, ராஜபாளையத்தில் கேளுங்கள் என்றார்கள். ராஜபாளையத்தில் கேட்டேன். பட்டா நிலம், ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் கேட்க வேண்டும் என்றார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் போய்வந்தே ஒரு கோடை கழிந்தது. கண்டக்டர்களுக்கு என் முகம் பழகிவிட்டது.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் எழுத்தர்தான் என்னை உட்காரச் சொல்லி விண்ணப்பத்தை முழுக்கப் படித்தார். முப்பது வயது இருக்கும்.

"சார், நீர்நிலைன்னு எழுதியிருக்கீங்க. அப்படி எழுதினா மூட விடமாட்டாங்க" என்றார். "தாழ்வான நிலம்னு எழுதினா அனுமதியே தேவையில்லன்னு திருப்பி அனுப்பிருவாங்க. கையில பேப்பர் இருக்காது."

"அப்ப என்னதாம்மா எழுதட்டும்?"

அவர் பேனாவை உருட்டியபடி யோசித்தார். "ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"கோரைப் பள்ளம்."

"அதையே எழுதுங்க."

எழுதினேன். விண்ணப்பத்துக்கு ஓர் எண் கிடைத்தது. ஏதோ வேலை முடிந்துவிட்டதுபோல அன்று வீட்டுக்கு வந்தேன்.

முதல் ஆய்வு சித்திரையில் நடந்தது. வெயிலில் பள்ளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆடுகள் காய்ந்த கோரையை மேய்ந்துகொண்டிருந்தன. வந்த அலுவலர் நடுவில் போய் நின்று ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தார். "தண்ணியே இல்லையே" என்றார். தண்ணீர் இல்லை, மூடுவதற்குத் தடையில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்த எழுத்து இன்னொரு அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து ஒரு பொறியாளர் பார்க்க வேண்டும் என்று வந்தது. அவருக்கு நேரம் கிடைத்தது கார்த்திகையில். முந்தின வாரம் முழுக்க மழை. அவருடைய ஜீப்பைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வந்தோம். பள்ளம் கரைவரை நிறைந்து, கோரையின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. எங்களைக் கண்டு ஒரு நாரைக் கூட்டம் எழுந்து போனது.

"இதையா மூடணும்னு கேக்குறீங்க?"

"சித்திரையில வந்தா காஞ்சு கெடக்கும் சார். முன்ன வந்தவர் பாத்து எழுதியிருக்கார்."

"நான் கார்த்திகையிலதான வந்திருக்கேன்" என்றார் அவர்.

அப்போதுதான் கீழ்க்காட்டு அம்மா வரப்பில் வந்தார். எனக்குக் கிழக்கே அவருக்கு ஓர் ஏக்கர். கணவர் இறந்த பிறகு தனியாக நின்று நெல்லும் கத்தரியும் எடுப்பவர். என்னை அண்ணே என்பார். மோட்டாரில் கரும்புகை வந்தாலும் மோட்டாரே நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார். அன்று என்னைப் பார்க்காமல் பொறியாளரிடம் நேராகப் பேசினார்.

"சார், எங் கிணத்தையும் செத்த பாத்துட்டுப் போங்க."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கையை நீட்டினால் தொடும் உயரத்தில் தண்ணீர்.

"அந்தப் பள்ளம் நெறஞ்சாத்தான் இது ஊறும். அது வத்துன மறுமாசம் இதுவும் வத்திரும். அதுல மண்ணக் கொட்டிட்டா நான் எங்க சார் போவேன்?"

பொறியாளர் அதையும் எழுதிக்கொண்டார். ஜீப் கிளம்பியது. பிறகு கேட்டேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லம்மா. ஆபீசர் முன்னால எதுக்கு?"

"மனுப் போடும்போது நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியளாண்ணே?"

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வரப்பில் எதிரே வந்தால் நான் மோட்டார் அறைக்குள் போய்விடுவேன். என் நிலத்தில் தேங்குகிற தண்ணீரால் இவர் கிணறு ஊறுகிறது, அதற்கு நான் சேற்றில் புதைய வேண்டுமா என்று மனைவியிடம் கத்துவேன். அவள் கேட்டுவிட்டு, "ஆனா அவுக கெணறு வத்துனா பாவந்தான" என்பாள். சேற்றிலிருந்து என்னை இழுத்தவளே இப்படிச் சொன்னது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு இருவருக்கும் விசாரணைக் கடிதம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில், காலை பத்து மணிக்கு. ஒரே பஸ்ஸில்தான் போனோம், அவர் முன்னால், நான் பின்னால். அலுவலகத்தில் ஒரே பெஞ்சு. பத்து மணி மூன்று மணி ஆனது. இடையில் அவர் தூக்குச்சட்டியைத் திறந்து, என் பக்கம் நகர்த்தினார். நான் வேண்டாம் என்றேன். பசித்தது.

உள்ளே கூப்பிட்டபோது நாற்காலியில் புதிய அதிகாரி இருந்தார். பழையவருக்கு மாற்றலாகிவிட்டது. புதியவர் இரண்டு அறிக்கைகளையும் எதிரெதிரே வைத்துக்கொண்டார்.

"ஒருத்தர் தண்ணி இல்லன்னு எழுதியிருக்கார். இன்னொருத்தர் கழுத்தளவுன்னு எழுதியிருக்கார். நான் எதை நம்புறது?"

"ரெண்டும் உண்மை சார்."

"ஃபைல்ல ரெண்டும் உண்மையா இருக்க முடியாதுங்க." கோப்பை மூடினார். "அறிக்கை எழுதுன ரெண்டு பேரையும் சேந்து வந்து பாக்கச் சொல்லி எழுதுறேன்."

"எந்த மாசம் வருவாங்க சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்கலாம். எனக்குக் குரல் ஏறிவிட்டது.

"முடியாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க சார். நான் வீட்டுக்குப் போறேன். தென்னைக்கு வேற வழி பாத்துக்கிடுதேன்."

"முடியாதுன்னு எழுதவும் காரணம் வேணும்லங்க."

"அப்ப காரணம் கெடைக்கிற வரைக்கும் நான் நடக்கணுமா?"

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். பணியில் இருந்த காலம் முழுக்க மேலதிகாரி முன்னால் நான் குரலை உயர்த்தியதில்லை. அந்தப் பெண் எழுத்தர் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கீழ்க்காட்டு அம்மா எழுந்து, "வாங்கண்ணே போவோம். பஸ்ஸு போயிரும்" என்றார். நான் போனேன். அவர் கூப்பிட்டிருக்காவிட்டால் இன்னும் என்னவெல்லாம் பேசியிருப்பேனோ.

திரும்பும் பஸ்ஸில் அவர் எனக்கு எதிர்ப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பாதி வழி தாண்டியதும் பேசினார்.

"எம் மேக்க வரப்பு மேடுதானண்ணே. பைப்ப அது மேல சுத்திக் கொண்டுபோனா சேத்துல எறங்க வேண்டாம்லா."

"சுத்துனா அழுத்தம் கொறையுமே."

"கொறஞ்சா என்ன? தண்ணி வராம கெடக்குறதுக்கு, மெதுவா வாரது தேவலதான."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"மூடப்போறேன், மூடப்போறேன்னு நின்னிய. பைப்புக்கு வழி கேட்டு யாரு வந்தா?"

நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு வருடமாக அலைந்த அலைச்சலுக்கு ஒரு வரப்புதான் பதில் என்பதை ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனாலும் தை மாதம் பைப்பை அவர் வரப்பு மேல்தான் போட்டேன். ஜாயிண்ட் விடவில்லை. கடைசி இரண்டு வரிசைக்குத் தண்ணீர் சரியாக ஏறவில்லை. அதில் மூன்று மரத்துக்குக் குருத்து காய்ந்து விழுந்துவிட்டது. டிராக்டருக்கு இன்னும் வழியில்லை. பறித்த காயைத் தலைச்சுமையாகத்தான் பள்ளத்தைச் சுற்றிக் கொண்டுவருகிறோம். ஒவ்வொரு பறிப்பிலும் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது.

மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லி மனைவி பலமுறை கேட்டுவிட்டாள். நான் கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நிற்கிறேன். எழுத்தர் என்னைக் கண்டதும் எழுந்து, கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறார். கூட்டு ஆய்வுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.

போன வாரம் பைப்பில் வால்வைத் திருகிக்கொண்டிருந்தபோது கீழ்க்காட்டு அம்மா வந்து நின்றார்.

"இன்னும் அலையுதியளாமே. மதினி சொன்னாவ."

"ஆமா."

"அனுமதி குடுத்துட்டா மூடிருவியளா?"

நான் வால்வை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். பொய் சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"தெரியலம்மா. மொதல்ல குடுக்கட்டும். பொறவு பாப்போம்."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கத்தரிக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டார்.