இடப்பக்கம் சரிந்த கோடு

வெஸ்ட் வின்ட்சரில் நான் போகும் சனிக்கிழமை ஓவிய வகுப்பில், அன்று மாடலாக நிற்க வேண்டியவர் வரவில்லை. என்னைக் கூட்டிப்போக வந்த மகளே முன்னால் போய் நின்றாள். அடுத்த மாதம் அவளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். ஹால் கிடைத்து, பத்திரிகையும் அனுப்பியாகிவிட்டது. எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வழக்கம்போல் கண்ணிலிருந்து வரையத் தொடங்கினேன். "முகம் வேண்டாம். உடம்பின் பாரம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள், சீக்கிரம்!" என்றார் ஆசிரியை.

அவசரமாக ஒரு கோடு இழுத்தேன். அது தலையிலிருந்து இடது பாதத்துக்குச் சரிந்தது. அவள் நிலையை மாற்றினாள். மறுபடியும் இழுத்த கோடும் அதே இடது பாதத்துக்கே சரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வலது காலில் அவள் பாரமே வைக்கவில்லை.

காரில் கேட்டேன். "முட்டி வலிக்குதாடி?"

"இட்ஸ் ஓகே, அம்மா."

"எப்போலேர்ந்து?"

"சின்ஸ் சம்மர். யூ ஆல்ரெடி இன்வைட்டட் எவ்ரிபடி."

அரங்கேற்றத்தைத் தள்ளிவைத்தோம். அவள் பயிற்சியை நான் கேம்கார்டரில் எடுத்த கேசட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவள் சிரித்த முகம்தான். கால் எதிலும் இல்லை.

இப்போதும் அவள் வீட்டுக்குள் வரும்போது என் கண் முதலில் காலுக்குத்தான் போகிறது. "ஐ'ம் ஃபைன், அம்மா" என்கிறாள். நான் பார்ப்பதை நிறுத்துவதில்லை.