தண்டின் முன்பக்கம்

என் வலது முழங்காலில் வலி தொடங்கியபோது எனக்கு இருபத்தெட்டு வயது. துறைமுகத்தில் கூலி வேலை. கப்பலிலிருந்து இறங்கிய இரும்புச் சாமான் பெட்டிகளை ரயில் வேகனில் ஏற்ற வேண்டும். மூங்கில் தண்டில் கயிறு போட்டுப் பெட்டியைத் தொங்கவிட்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோள் கொடுத்து, சாய்வுப் பலகையில் ஏறுவோம். ஏறும்போது கயிறு பின்னுக்கு வழுக்கும். பாதிக்கு மேல் பாரம் பின்னால் வருகிறவர் தோளில் போய் உட்காரும். அதனால் ஒரு நடைக்கு ஒருவர் பின்னால் என்றால், அடுத்த நடைக்கு மற்றவர். இதை மீறுகிறவனோடு மறுநாள் யாரும் தண்டு பிடிக்க மாட்டார்கள்.

என் கூட்டாளி காலடிப்பேட்டைக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவேன். அவர் அதிகம் பேசமாட்டார். எனக்கு வாய் மூடாது. ஜோடி சரியாகத்தான் இருந்தது.

வலி முதலில் படி இறங்கும்போது வந்தது. பிறகு குந்தி உட்கார்ந்தால் எழுவதே பெரும்பாடாயிற்று. காலையில் துறைமுகக் கேட்டில் ஆள் எடுக்கும் மேஸ்திரி எங்களை வரிசையாகக் குந்தவைத்து எழச் சொல்வார். தொடையில் கை ஊன்றி எழுந்தால் ஒரு குறி. மூன்று நாள் அப்படி எழுந்தவனை அதன்பிறகு எடுக்கவே மாட்டார். அப்படிக் கழிக்கப்பட்டவர்கள் சிலர் எதிர்ச் சுவரோரம் தினமும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் போவோம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கை ஊன்றாமல் எழுந்துவந்தேன்.

திருவொற்றியூரில் ஒரு டாக்டரிடம் போனேன். முழங்காலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். எலும்புக்கு நடுவில் இருக்கும் மெத்தை தேய ஆரம்பித்திருக்கிறது, தொடைச் சதை தளர்ந்தால் பாரம் முழுக்க மூட்டில்தான் இறங்கும் என்றார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்க வேண்டும். வீட்டில் குந்தக் கூடாது. மேடு ஏறும்போது பாரம் கூடவே கூடாது. இப்போதே பார்த்துக்கொண்டால் சரியாகிவிடும், விட்டால் கால் வளைந்துபோகும் என்று சொல்லி அனுப்பினார்.

கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் செய்யலாம். அண்ணாத்தேயிடம் புலம்பினேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "பின்னால நான் புட்சிக்கிறேன். நீ முன்னால போய்க்கினே இரு" என்றார். ஒரு மாதத்துக்கு மட்டும் என்று பேச்சு.

மழைக்காலம் முழுவதும் நான் முன்னால்தான் நடந்தேன். இரவு வந்தால் காலை நீட்டிப் பத்து எண்ணுவேன். ஜமீன்தார் காலை நீட்டிவிட்டார் என்று என் மனைவி கேலி செய்துகொண்டே உப்பு வறுத்துக் கொடுப்பாள். இரண்டே மாதத்தில் வலி போய்விட்டது. கை ஊன்றாமல் சுலபமாக எழுந்தேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வலி திரும்பிவிடுமோ என்ற பயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். முன்னால் நடப்பது சுகமாக இருந்தது.

முன்னால் போகிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது, காதில் விழுவதுதான். ஒருநாள் ஈரப் பலகையில் பாதி ஏறியபோது எனக்குப் பின்னால் நெறுக்கென்று ஒரு சத்தம். மூங்கில்தான் விரிகிறது என்று நினைத்தேன். மூங்கிலைத் தடவிப் பார்த்தேன், எங்கும் விரிசல் இல்லை. அடுத்த நடையிலும் அதே சத்தம்.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. டீக்கடையில் எல்லோரும் குந்தியிருக்க, அண்ணாத்தே நின்றபடியே குடித்தார். இறங்கும்போது பக்கவாட்டில் கால் வைத்தார். எல்லாம் நான் தாண்டி வந்த வழிதான். அடுத்து என்ன வரும் என்று எனக்கு நாள்வாரியாகத் தெரியும். என்ன செய்தால் நிற்கும் என்றும் தெரியும். அதைச் சொன்னால் நான் பின்னால் போக வேண்டும். வாயாடி நான், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவர் கை ஊன்றி எழுந்தார். செவ்வாய்க்கிழமையும். புதன்கிழமை இரண்டு கையையும் ஊன்றினார். மேஸ்திரி அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"நீதானே இவங்கூட தண்டு புடிக்கிறே? காலு எப்படி கீது இவனுக்கு?"

என் பாரத்தையும் சேர்த்துச் சுமந்ததால் வந்தது, கொஞ்ச நாள் அவரைத் தண்டின் முன்பக்கம் விட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். அண்ணாத்தே என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலை மேஸ்திரி" என்றேன்.

அவரை வரிசையிலிருந்து வெளியே போகச் சொன்னார்கள். நான் கேட்டுக்குள் போனேன்.

சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று காலடிப்பேட்டைக்கு நடந்தேன். அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி எருக்கிலையை வாட்டி வீங்கிய முழங்காலில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் அவர் கேட்டார்.

"உன் காலு எப்படி கீது நைனா?"

நன்றாக இருக்கிறது என்று அந்த முழங்காலுக்கு முன்னால் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்படியேதான் கீது அண்ணாத்தே" என்றேன்.

அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். "அப்போ நாளைக்கு எவங்கூட தூக்குனாலும் முன்னால நில்லு. கூச்சப்படாம கேட்டுடு" என்றார்.

மறுநாள் புதுக் கூட்டாளியிடம் முழங்கால் வலி என்று சொல்லிக் கேட்டேன். என்னைவிடச் சின்னவன். சரி என்று பின்னால் போய் நின்றான்.