சந்தனம் மூடிய பெயர்

பழைய புத்தகக் கடைக்காரர் சரஸ்வதி பூஜைக்காக அட்டைகளில் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

"பேரு தெரியாம எப்படிங்க தேடுறது? பூஜை வேற வச்சாச்சு. நாளைக்கு வாங்க."

பெயர் தெரிந்தால் நான் ஏன் கடை கடையாக ஏறி இறங்குகிறேன்?

அது யுத்த காலம்; நான் பள்ளிக்கூடப் பையன். திருவரங்குளத்தில் பக்கத்து வீட்டு வாத்தியார் மகளிடம் அந்தக் கதைப் புத்தகத்தை இரவல் வாங்கினேன். முதல் தாள் இல்லை. போன வருஷத்துச் சந்தனம் அட்டையில் பெயரின் மேலேயே காய்ந்து கிடந்தது. சாமிக்கு வைத்ததைச் சுரண்டப் பயம். கதையில், கொட்டும் மழையில் ஒரு கொக்கு, அலகில் விளக்கைக் கவ்விக்கொண்டு வீட்டுக்குப் பறக்கிறது. தங்கை செல்லத்துக்கு அதுவரைதான் வாசித்துக் காட்டியிருந்தேன்.

மறுநாள் பூஜை. அம்மா அதையும் எடுத்துச் சாமி முன்னால் அடுக்கிவிட்டாள். அன்றைக்குப் படிக்கக் கூடாது.

"கொக்கு வீடு போய்ச் சேந்துச்சான்னு மட்டும் பாத்துச் சொல்லுண்ணே," என்று செல்லம் அழுதாள்.

"சாமி கண்ணக் குத்தும். நாளைக்குப் பாப்போம்."

விடிந்ததும், மாற்றலாகியிருந்த வாத்தியார் குடும்பம் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிட்டது.

இப்போது செல்லம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியவில்லை. என்னை மட்டும் தெரிகிறது, கொக்கைக் கேட்கிறாள். வீடு சேர்ந்துவிட்டது என்று நேற்றுப் பொய் சொன்னேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் படிக்கவே இல்லையேண்ணே."