கொலை என்று சொல்லக்கூடாதாம்

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் காலை நடைப்பயிற்சிக்குப் போகும் கூட்டம், உண்மையில் ஒரு நீதிமன்றம். பக்கத்துக் கிராமமான முத்தாண்டிக்குப்பத்துக்காரர் ஒருவர் டீக்கடைச் சண்டையில் மச்சானைப் பிடித்துத் தள்ள, கல்லில் தலை மோதி அவன் செத்துப்போனான். செய்தி வந்த அன்றே நடந்துகொண்டே அவரைத் தூக்கில் போட்டுவிட்டோம். கொல்லும் நோக்கம் இல்லை என்று பிற்பாடு கோர்ட்டு சிறைத் தண்டனையோடு விட்டதில் எங்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

அதற்கிடையில், எங்களோடு நடக்கும் அதிகாரி ஒருவர் பிரிவு உபசார விருந்தில் மூக்குமுட்டக் குடித்துவிட்டுக் காரை எடுத்தார். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போன கான்ட்ராக்ட் தொழிலாளி மீது ஏற்றினார். அவர் அங்கேயே இறந்தார்.

மறுநாள் கூட்டத்தில் எல்லோரும் வக்கீலாகிவிட்டார்கள். இதைக் கொலை என்று சொல்லக்கூடாதாம். கொலைக்கு நோக்கம் வேண்டும். அதற்குத்தான் தூக்கு அல்லது ஆயுள். இது கவனக்குறைவால் நேர்ந்த மரணம், மிஞ்சினால் ஐந்து வருடம். சைக்கிளில் பின்விளக்கு இல்லாததை ஒருவர் வன்மையாகக் கண்டித்தார்.

விருந்தில் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவரைத் தடுத்தவன் நான். அவர் சிரித்துக்கொண்டே, "இந்த நெலமையில எவனையாவது இடிச்சுத்தான் தள்ளுவேன். சாவியக் குடுய்யா" என்று பிடுங்கிக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் இறந்தவரின் மனைவி, தம்பியோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வாசலிலேயே நின்றார்.

"நீங்க பக்கத்துல இருந்தீங்களாமே சார். அவரு தெரிஞ்சிகினுதான வண்டிய எடுத்தாரு? காதால கேட்டத மட்டும் சொல்லுங்க, போதுங்க."

போலீசில் போய்ச் சொன்னேன். வழக்கின் சட்டப் பிரிவு மாறியது. உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே செய்திருந்தால், நோக்கம் இல்லாவிட்டாலும் அது கொலையாகாத மரணம் விளைவித்தல்; பத்து வருடம் வரை போகலாம் என்று இன்ஸ்பெக்டர் விளக்கினார். கூட்டத்தில் என்னோடு பேச்சு நின்றது. ஒரே ஒருவர் மட்டும், கூடப் பழகியவனுக்கு இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். செத்தவரோடு யாரும் பழகியிருக்கவில்லை.

கடலூர் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், அது வேடிக்கைப் பேச்சுதானே என்று மடக்கினார்.

"வேடிக்கையாத்தான் சொன்னார்," என்றேன். "சொன்னபடியே செஞ்சார்."

ஏழு வருடம் தீர்ப்பானது. அந்த அம்மாவுக்குத் தீர்ப்பின் ஆங்கிலம் புரியவில்லை. தெரிந்தே செய்தது என்று எழுதிவிட்டார்களா என்று மட்டும் தம்பியிடம் கேட்டார். ஆமாம் என்றதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அதிகாரி அப்பீல் செய்தார். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனும் கொடுத்தார்கள். இப்போது தினமும் நடக்க வருகிறார். சிறையில் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறிப்போனதைப் பற்றிக் கூட்டம் மிகுந்த வேதனையோடு பேசுகிறது. நான் அடுத்த தெரு வழியாக நடக்கிறேன். அங்கே நிழலும் அதிகம்.