வலது காதில் என் கீபோர்டு

மே மாத மத்தியானம். சத்தம் வரக்கூடாதென்று ஃபேனை அணைத்தாச்சு. ஜன்னல் முழுக்கத் தடித்த பஞ்சு ரஜாய், கதவில் இரண்டு போர்வை. வியர்வை முழங்கை வழியாகச் சொட்டுகிறது. மேஜையில் புதுப் பெட்டி, மேலே கை வைத்தால் இளஞ்சூடு...

அதுதான் என் முதல் ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கையும் கீபோர்டையும் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் சின்னப் பெட்டி. ஹைதராபாத் பக்கம் லோத்குண்டாவில் வாடகை வீட்டின் பின்னறைதான் எங்கள் ஸ்டுடியோ.

'எங்கள்' என்றால் நானும் ஜெரால்டும். நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவன். அவன் செகந்திராபாத் ரயில்வே காலனிப் பையன், மூன்று தலைமுறையாக இங்கேதான். அவன் தமிழில் பாதி ஹைதராபாத் இருக்கும்: ஆமாம் என்பதற்கு 'ஹவ்', ஏன் என்பதற்கு 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து சீட். அவன் பாடுவான், நான் வாசிப்பேன்.

அவனுடைய அக்கா ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அக்கா ஹாலுக்குள் நடந்து வரும்போது ஒலிக்க ஒரு பாட்டு எழுதியிருந்தான். அதைப் பதிவு செய்யத்தான் இந்தப் பெட்டி. அடுத்த சனிக்கிழமை கல்யாணம்.

வாங்குவதற்கு முன்பு இரண்டு மாதம் நான் படிக்காத ஃபோரம் இல்லை. எந்தப் பெட்டியில் என்ன சிப் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால் அப்பா கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கவே வேண்டாம்.

கடையில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். ஒன்று நீல நிறம், சுற்றிலும் விளக்கு. இன்னொன்று கறுப்பு, பார்க்க டார்ச் லைட் சார்ஜர் மாதிரி. ஜெரால்டு எதையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"பாடும்போது ஹெட்ஃபோன்ல கேப்போம்ல, அதை மோனோ பண்ற பட்டன் இருக்கா?"

கறுப்பில் இருந்தது. நீலத்தில் இல்லை.

"ஏல, எந்தக் காலத்துல இருக்க நீ? மோனோ எல்லாம் எங்க தாத்தா ரேடியோவோட போச்சு" என்றேன்.

"ஹவ், சரி. உனக்கு எது பிடிக்குதோ அதையே எடு."

நீலத்தை எடுத்தேன்.

முதல் டேக். ஹெட்ஃபோன் ஒயரை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒரு முழு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டோம். மைக்கில் விழுந்துவிடும் என்று கீபோர்டின் ஸ்பீக்கரை அணைத்திருந்ததால், அதன் சத்தம் ஹெட்ஃபோனில் மட்டும்தான். இடது காதில் அவன் குரல், வலது காதில் என் கீபோர்டு. இரண்டும் தனித்தனியாக, கண்ணாடி மாதிரி. மோனோ பட்டன் இருந்தால் எல்லாம் கலந்து இரண்டு காதிலும் ஒன்றாக வந்திருக்கும். காசு கொடுத்ததற்கு இதுவல்லவா சுகம் என்று எனக்குப் பூரிப்பு.

அவன் என் விரலையே பார்த்துக்கொண்டு பாடினான். பல்லவி சரியாக இருந்தது. சரணத்தில் சுருதி எங்கேயோ போய்விட்டது.

நிறுத்தினேன். "காதுல விழுறதக் கேட்டுப் பாடுல. நான் ஒரு பக்கம் வாசிக்கேன், நீ ஒரு பக்கம் போற."

ஒரு நிமிஷம் ஹெட்ஃபோனைக் கையில் வைத்துப் பார்த்தான். பிறகு அப்படியே திருப்பி, இடதை வலதில் மாட்டிக்கொண்டான்.

நான் சிரித்தேன். "ஏல, மாத்தி மாட்டிருக்க."

"கைக்கு சிரிக்கிற? தெரியும். நீ வாசி."

அந்த டேக்கை என்னால் மறக்க முடியாது. ஒரு இடத்தில்கூட இம்மி பிசகவில்லை. அந்த ஒரு டேக்தான் கல்யாணத்தில் ஒலித்தது.

பாட்டு முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் அவனுக்கு வலது பக்கம் நின்று ஏதோ கேட்டேன். அவன் திரும்பவே இல்லை. ஸ்டெல்லா அக்கா பட்டுப்புடவையோடு என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்தாள்.

"தம்பி, இந்தப் பக்கம் வந்து பேசுங்க. சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்ததுலேர்ந்து அவனுக்கு ரைட் காது சுத்தமா கேக்காது. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

எனக்குத் தெரியாது. கம்பெனி பஸ்ஸில் எப்போதும் எனக்கு வலது பக்கமே உட்காருவான், ஜன்னல் சீட்டுக்காக என்று நினைத்திருந்தேன். கடையில் கேட்ட அந்த ஒரே கேள்வி... முதல் டேக்கில் என் கீபோர்டு அவனுக்குக் கேட்கவே இல்லை. அதனால்தான் திருப்பி மாட்டி, கீபோர்டை நல்ல காதுக்குக் கொண்டுவந்திருக்கிறான். தன் குரலைத் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு பாடியிருக்கிறான். இரண்டு மாதம் படித்த எனக்குத் தெரியாததை அவன் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தான்.

பந்தியில் அவனுக்கு இடது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

"ஏன்ல சொல்லல?"

அவன் பிரியாணியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான். "சொல்லிருந்தா சரணத்துல நிறுத்திருப்பியா? பாவம்னு விட்டுருப்ப. எங்க அக்கா பாட்டு சுருதி தப்பிப் போயிருக்கும். அது நக்கோ."

வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இவன் என் நண்பன் என்பதில் பெருமையாக இருந்தது.

இப்போது என்னிடம் எட்டு மைக் சொருகும் பெட்டி இருக்கிறது. ஏசி ரூம், சுவரெல்லாம் ஃபோம். மோனோ பட்டன் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். நீலப் பெட்டி அலமாரியில் தூங்குகிறது. ஜெரால்டு ஊரின் அந்தக் கோடியில், ராமச்சந்திராபுரம் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். முன்போல ஒரே அறையில் வியர்க்க வியர்க்க உட்கார வாய்ப்பதில்லை.

ஆனாலும் எந்தப் பாட்டை முடித்தாலும் மோனோவில் போட்டு, வலது காதைப் பொத்திக்கொண்டு ஒரு தடவை கேட்பேன். அதில் நின்றால்தான் அவனுக்கு அனுப்புவேன்.

நேற்று ஒன்று அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"ரெண்டாவது சரணத்துல கீபோர்டு லேட். திரும்ப வாசி."

கேட்டுப் பார்த்தேன். லேட்தான்.