என் குரல் உடைந்த பிறகு

என்னைப் பாடகி என்று அறிந்தவர்கள் ஒரு பக்கம், நடிகை என்று அறிந்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று தெரிந்தவர்கள் குறைவு. ராயபுரத்தில் எங்கள் தெருவில் கேட்டால் இரண்டையும் சொல்லமாட்டார்கள். "மீன்காரம்மாவோட தங்கச்சி" என்பார்கள். அதுதான் சரியான அறிமுகம். ஏன் என்று சொல்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே என் குரல் கனம். சர்ச் பாடகர் குழுவில் மற்றப் பெண்களின் குரலை அது மூடிவிடுகிறது என்று என்னை ஆண்களுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். பதினெட்டு வயதில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். கல்யாண வீடு, திருவிழா, பொருட்காட்சி என்று போய், மற்றவர்கள் பாடிப் புகழ்பெற்ற பாட்டுகளைப் பாடினேன். முப்பதைத் தாண்டிய பிறகுதான், திருவொற்றியூரில் ஒரு வீட்டு மாடியில் சொந்தமாக இசை செய்துகொண்டிருந்த நாலு பேர் என்னைக் கூப்பிட்டார்கள். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பாடிய, 'சோல்' என்கிற வகைப் பழைய பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் கெஞ்சுகிற விதமும் அதட்டுகிற விதமும் எனக்குத் தெரிந்ததுதான். கடலுக்குப் போன படகு திரும்பத் தாமதமானால் எங்கள் தெருப் பெண்கள் மாதாவிடம் அப்படித்தான் பேசுவார்கள்.

அந்த முறையில், எங்கள் பேச்சுத் தமிழிலேயே ஒரு பாட்டுப் பாடினேன். அது ஆட்டோக்களில் ஓடியது, கல்லூரி விழாக்களில் ஓடியது, கைபேசி வைத்திருந்தவர்களிடமெல்லாம் இருந்தது. அதற்குப் பின் ஆறு வருடம் பயணப் பெட்டியை முழுதாகப் பிரித்து அடுக்கக்கூட நேரமில்லை. சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லாம் போய்வந்தேன்.

பிறகு தூத்துக்குடியில் ஒரு மேடை. பாட்டு உச்சத்துக்குப் போகிற இடத்தில் வாயைத் திறந்தேன். வெறும் காற்று வந்தது. நான் மைக்கை நீட்டித் தங்களைப் பாடச் சொல்வதாக நினைத்துக்கொண்டு கூட்டமே அந்த வரியைப் பாடி முடித்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அந்த ஜனங்களுக்கு இன்றைக்கும் நான் நன்றி சொல்கிறேன்.

குரல் நாணில் கட்டி என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை முடிந்ததும், "மூணு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

நானும் அக்காவும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அக்காவுக்கு மார்க்கெட்டில் மீன் வியாபாரம். மற்றவர்கள் மாதிரி "எல்லாம் சரியாயிடும்" என்று அவள் சொல்லவில்லை. "வூட்ல தனியா குந்தினு அழுவாத. எங்கூட வந்து அங்க குந்து" என்றாள். போனேன். அக்கா வஞ்சிரத்தைத் துண்டு போடுவாள், நான் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் உட்கார்ந்திருப்பேன். பேச முடியாதவளுக்குப் பார்ப்பதைத் தவிர என்ன வேலை? மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற விரல்களைப் பார்த்தேன். வாங்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட பெண்கள் எப்படி நடையைக் கட்டுகிறார்கள், புருஷனிடம் சண்டை போட்டுவிட்டு வந்தவள் பையை எப்படி நீட்டுகிறாள் என்று பார்த்தேன். இருபது வருடமாக மேடையில் நின்று என்னைப் பார்க்கிறவர்களைத்தான் பார்த்திருந்தேன். என்னைக் கவனிக்காத மனிதர்களை அப்போதுதான் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்துக் குரல் வந்தது. ஆனால் அது என்னுடையதாக இல்லை. அடித்தொண்டையில் கரகரவென்று இருந்தது, மேலே ஏறினால் பிளந்தது. மாடி வீட்டு நண்பர்கள் பல மாதம் காத்திருந்தார்கள். கடைசியில் வேறொரு பெண்ணை வைத்துப் பாடப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நான் மார்க்கெட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. ஒருநாள் காலையில், தோளில் பையோடு ஒரு பெண் வந்து அக்காவின் எதிரில் நின்றாள். மீன் வாங்கவில்லை. பேச்சுக் கொடுத்ததில் சினிமா எடுக்கிறவள் என்று தெரிந்தது. முதல் படமாம். சடையங்குப்பத்தில் வெள்ளத்தில் வீட்டை இழந்த ஒரு பெண்ணின் கதை. நாலு நாளாகத் தள்ளி நின்று அக்காவைக் கவனித்திருக்கிறாள்.

"அக்கா, நீங்கதான் அந்த அம்மாவா நடிக்கணும்" என்றாள்.

அக்கா கத்தியை நிறுத்தவில்லை. "எனுக்கு வேல கீது. தோ, இவ சும்மாதான் குந்தினு கீறா. இவள இட்டுகினு போ."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். முகம் மாறிற்று. "நீங்க... பாடகி தானே?" பிறகு தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச முகம் வேணாம்னு நெனச்சேன்."

"ரெண்டு வருசமா எவனுக்கும் அவ மூஞ்சி ஞாபகம் இல்ல, கண்ணு. தைரியமா இட்டுகினு போ" என்றாள் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனேன்.

முதல் நாள் படப்பிடிப்பு சடையங்குப்பத்திலேயே. தண்ணீர் வடிந்த பிறகு கதையில் வருகிற பெண் தன் வீட்டுக்குள் நுழைகிற காட்சி. சேறு பூசிய சுவரைப் பார்த்ததும் நான் இரண்டு கையையும் விரித்து, தலையை அண்ணாந்து, மேடையில் செய்வது எல்லாவற்றையும் செய்தேன். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். பன்னிரண்டு தடவை ஆனதும் டைரக்டர் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க இன்னும் பாடிக்கிட்டிருக்கீங்க."

அந்த வார்த்தை எனக்கு அறை மாதிரி இருந்தது. ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த அக்கா, தூக்கை வைத்துவிட்டு என் எதிரில் குந்தினாள்.

"இன்னாடி இது கூத்து? வூட்ல தண்ணி பூந்தா எவளாவது கைய விரிச்சிகினு நிப்பாளா?"

"வேற இன்னா பண்ணுவா?"

"மொதல்ல கேஸ் சிலிண்டரு கீதா, அடிச்சிகினு பூட்ச்சான்னு பாப்பா. அப்பால ரேஷன் கார்டு. அழுவறதெல்லாம் சாய்ந்தரந்தான்."

அடுத்த தடவை உள்ளே போனேன். சுவரைப் பார்க்கவில்லை. நேராகச் சமையல் மூலைக்குப் போய்ச் சிலிண்டரைத் தேடினேன். கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி, முந்தானையால் அதன் சேற்றைத் துடைத்தேன். பிறகுதான் சுற்றும்முற்றும் பார்த்தேன். அப்போது எனக்கு வந்த அழுகை நான் வரவழைத்ததல்ல. "கட்" சொன்ன டைரக்டர் மறுபடி எடுக்கச் சொல்லவில்லை.

இன்னொரு கண்டம் மிச்சமிருந்தது. டப்பிங்கின்போது தயாரிப்பாளர், "குரல் ரொம்பக் கரகரன்னு இருக்கு. வேற யாரையாவது பேசவெச்சிடலாம்" என்றார். குரலால் வாழ்ந்தவளுக்கு வேறொருத்தியின் குரல். டைரக்டர் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்: "ஒரு சீன் பேசறேன் சார். நல்லா இல்லன்னா நானே எழுந்து போயிடறேன்." பேசினேன். எங்கள் தெருப் பேச்சு, உடைந்த குரல். மூச்சு வாங்குகிற இடத்தில் வாங்கினேன், மறைக்கவில்லை. தயாரிப்பாளர் எழுந்து டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து, "அடுத்து எந்த சீன்?" என்று கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

படம் வந்தது. பெரிய கூட்டம் இல்லை, ஆனால் பார்த்தவர்கள் மறக்கவில்லை. அதன் பிறகு அம்மாவாக, ஆயாவாக, ஒரு படத்தில் போலீஸ்காரியாக என்று ஏழு படம் நடித்துவிட்டேன். பாடும்போது கிடைத்த கைதட்டல் இதில் இல்லை. ஆனால் எண்ணூர் பஸ்ஸில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டே தன் நிறுத்தம் வரும்வரை வந்தாள். அது எனக்குப் போதும்.

இரண்டாவது படம் முடிந்தபோதுதான் அக்காவிடம் கேட்டேன். "உன்னத் தேடி வந்த சான்சு அது. உனக்கு நடிக்கத் தெரியாதுன்னு தான எனக்கு வுட்ட?"

அக்கா மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "தெரியாதுன்னு எவன் சொன்னான்? நாலு நாளா அந்தப் பொண்ணு என்னப் பாத்துகினு நின்னது எனுக்குத் தெரியாதா? சினிமாக்காரின்னு டீக்கடையில சொன்னாங்க. தெனம் நல்ல பொடவயாத்தான் கட்டிகினு வந்தேன்."

"அப்புறம் ஏன்க்கா?"

"நீ அந்தப் பொட்டி மேல குந்தினு கீறத பாக்க முடில."

டைரக்டரிடம் இதைச் சொன்னேன். தன் அடுத்த படத்தில் அக்காவுக்காக ஒரு காட்சி எழுதினாள். அக்கா வந்தாள். மாப்பிள்ளை வீட்டாரை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கிற தாய். ஒரே தடவையில் பேசி முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா முகம் சிவந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இன்னொரு தபா எடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

தேவையில்லை என்றார்கள். "பரவால்ல, எடுங்க" என்றாள் அக்கா. எடுத்தார்கள்.