கடைசி ஆலைக்குப் போகாத எண்ணெய்

அந்த எண்ணெயைத் திருடியது நான்தான்.

ஒரு விளையாட்டில்தான் திருடினேன். கணினித் திரைக்குள் ஓடுகிற, எந்த அடுப்பையும் எரிக்காத, வெறும் படமான கச்சா எண்ணெய். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், காத்திருக்கிறேன். ஆனால் அந்தத் திருட்டால் ஒருத்தி தன்னை ஒன்றுக்கும் ஆகாதவள் என்று நம்பினாள்... இன்றும் நம்புகிறாள். அது படம் இல்லை.

நான் சங்கரன்கோவில்காரி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். பொறியியல் முடித்து, வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறேன். இதில் எனக்குக் கர்வம் உண்டு; அதை மறைக்கப்போவதில்லை. நான் மறைத்தது வேறு.

இசக்கி என் கல்லூரித் தோழி. புளியங்குடிக்காரி. விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். படிப்பு முடிந்து அவரவர் ஊருக்குத் திரும்பிய பிறகு எங்களைச் சேர்த்துவைத்தது தொழிற்சாலை கட்டும் ஒரு விளையாட்டு. வெற்று நிலத்தில் தொடங்கி, இரும்பு தோண்டி, செம்பு உருக்கி, எண்ணெய் எடுத்து, ஆலைமேல் ஆலையாக வளர்க்க வேண்டும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து, ஒரே உலகத்தைக் கட்டினோம்.

எண்ணெய்க் கிணறுகள் மேற்கு ஓரத்தில் கிடைத்தன. அவற்றை ஒட்டி என் பிளாஸ்டிக் ஆலை. வெகு தொலைவில், கிழக்குக் கோடியில், இசக்கியின் சுத்திகரிப்பு ஆலை. அவ்வளவு தூரம் எண்ணெயை எப்படிக் கொண்டுபோவது? குழாயிலா, ரயிலிலா? இந்த விளையாட்டை ஆடுகிற யாரைக் கேட்டாலும் இதற்காக ஒரு சண்டையாவது போட்டிருப்பார்கள்.

"ரயில் விடுவோம்ட்டி. டேங்கர் நெறஞ்சா கெளம்பும், காலியானா திரும்பும். எம்புட்டு வருதுன்னு கண்ணால பாக்கலாம். குழாய்க்குள்ள என்ன நடக்குன்னு யாரு கண்டா?" என்றாள்.

"ஒங்க ஊர்ல ரயிலே கெடையாது. அந்த ஏக்கத்துல பேசுத."

"ஒங்க ஊர்ல ரயில் நிக்குல்லா... நீ என்னைக்காவது ஏறுனியா? எப்பம் பாத்தாலும் பஸ்லதான வார."

சிரித்தோம். பிறகு நான் விடாமல் வாதாடினேன். தண்டவாளம், சிக்னல், எண்ணெய் ஏற்ற ஒரு நிலையம், இறக்க ஒரு நிலையம், ரயில் வராத நேரத்துக்குத் தாக்குப்பிடிக்கத் தொட்டி... எதற்கு இவ்வளவும்? குழாய் என்றால் போட்டால் போட்டதுதான். தூரம் கூடக் கூட ஓட்டம் குறையும், உண்மை. ஆங்காங்கே பம்ப் வைத்தால் தீர்ந்தது.

உண்மையான காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. சிறுவயதில் கோடைக்காலத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். குடத்தை வரிசையில் போட்டுவிட்டுத் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். சக்கரத்தில் வரும் எதற்காகவும் காத்திருப்பது எனக்கு அப்போதே கசந்துபோயிற்று. வீட்டுக்குக் குழாய் இணைப்பு வந்த அன்று அம்மா அந்தக் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். எனக்குக் குழாய் என்றால் மரியாதை. விளையாட்டில்கூட அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

"சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் இசக்கி. கல்லூரியிலும் அவள் இப்படித்தான் முடிப்பாள். எனக்கும் அது பழகிப்போயிருந்தது.

குழாய் போட்டோம். நன்றாகவே ஓடியது. பிறகு என் ஆலையைப் பெரிதாக்கினேன். கிணற்றிலிருந்து என் ஆலை வழியாக அவள் ஆலைவரை போகும் ஒற்றைக் குழாயின் ஓட்டம் இரண்டுக்கும் போதவில்லை. என் இயந்திரங்கள் நின்று நின்று ஓடின.

அன்றே சொல்லியிருக்கலாம். "இசக்கி, இந்தத் தூரத்துக்கு ரயில்தான் சரி" என்று ஒரே ஒரு வரி. ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவள் வென்றுவிடுவாள்... அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. தேடிப்பார்த்துவிட்டேன்.

கிணற்றுப் பக்கம் பெரிய குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்தேன். தரைக்கடியில் போகும் குழாயாகப் பார்த்துப் போட்டேன், வெளியே தெரியாது. அதில் ஒரு பம்ப் வைத்து, என் தொட்டிக்கு இழுத்தேன். சற்று நேரத்துக்கு மட்டும் என்று எண்ணித்தான் வைத்தேன். அவள் விளையாடிய வரை அதை எடுக்கவே இல்லை.

இசக்கியின் ஆலை காய்ந்தது.

"என்னட்டி இது, எனக்கு வரவே மாட்டேங்கு?"

"ஒன் பக்கம் வளைவு கூடிப்போச்சு. பிரிச்சுக் கட்டு."

பிரித்துக் கட்டினாள். வரவில்லை. பம்பைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறாய் என்றேன். மாற்றினாள். தொட்டி பெரிது என்றேன். சின்னதாக்கினாள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குற்றம் கண்டுபிடித்துச் சொன்னேன். எவ்வளவு சரளமாகச் சொன்னேன் தெரியுமா! படித்த படிப்பெல்லாம் அதற்கு உதவியது.

ஒருநாள் அவள் கட்டுவதைப் பாதியில் நிறுத்தினாள். "எனக்கு இது வராதுட்டி. ஒன் நேரத்தையும் சேத்து வீணாக்குதேன்" என்றாள். பிறகு அந்த உலகத்துக்கு அவள் வரவில்லை.

அப்போது ஒரு நிஜ ஆலையின் குழாய் வடிவமைப்புப் பிரிவில் வேலைக்கு விண்ணப்பிக்க இருந்தாள். ஆசைப்பட்டுப் பார்த்துவைத்திருந்த வேலை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"போடலட்டி. வெளையாட்டுலயே குழாய் போடத் தெரியல, நெசத்துல போட்டுக் கிழிச்சிருவேனா?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் கடைசிநாள் தாண்டிப்போயிருந்தது.

பிறகு ஒருமுறை தனியாக அந்த உலகத்தைத் திறந்தேன். பம்பை எடுத்தேன். எண்ணெய் நேராகக் கிழக்கே போய்ச் சேர்ந்தது. அவள் கட்டியிருந்த இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைவிடத் தொடங்கின. எதிலும் பிழை இல்லை. என் ஆலை பாதி நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன்... அவளை அழைத்துக் காட்டவில்லை.

தவறாக எண்ணாதீர்கள். குறைந்த தூரத்துக்குக் குழாய்தான் என்று இன்றும் எவரிடமும் வாதாடுவேன், வெல்வேன். குழாய் யாரையும் ஏமாற்றவில்லை.

போன மாதம் இசக்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் முறை. தெருவில் கடைசி வீடு எங்களுடையது. வாசல் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு அம்மா புலம்பினாள்.

"பாரு தாயீ, நூலாட்டம் வருது. மேல எவனோ மோட்டாரப் போட்டு உறிஞ்சுதான். நல்லாருப்பானா அவன்? கடைசியில ஒரு வீடு இருக்குன்னு நெனப்பு வேண்டாமா?"

இசக்கி குனிந்து அந்த நூலைப் பார்த்தாள். "எனக்கும் இப்படித்தாம்மா வந்துச்சு. வெளையாட்டுல ஒரு ஆல கட்டுனேன், அதுக்கு எண்ணெ இப்படித்தான் வந்துச்சு."

"அப்பம் அங்கனயும் எவனோ மோட்டார் போட்டிருப்பான்."

இசக்கி வாய்விட்டுச் சிரித்தாள். "அங்கன நானும் இவளுந்தாம்மா இருந்தோம். வேற யாரு போட?"

சொல்லியே விட்டாள். காதில் கேட்டும் அவளுக்கு அது உறைக்கவில்லை. என்னைச் சந்தேகிக்கும் வழியே அவள் மனதில் இல்லை.

"கொடம் நெறஞ்சிட்டு" என்று சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். பாதிகூட நிறைந்திருக்கவில்லை.

கிளம்பும்போது இசக்கியே கேட்டாள். "புதுசா ஒரு ஒலகம் ஆரம்பிப்போமாட்டி? நீ சொல்லுத குழாயே போடுவோம். கெணத்துப் பக்கம் நீ கட்டு."

"இல்ல, நீ கட்டு. நான் கடைசில இருக்கேன்" என்றேன்.

"ஏன், ஒனக்கு வராமப் போச்சுன்னா?"

"வரும்."

இப்போது அந்த உலகத்தில்தான் இருக்கிறோம். கிணறுகளை ஒட்டி அவள், குழாயின் கடைசியில் நான். அவள் ஆலையும் வளர்ந்துவிட்டது. இருவருக்கும் எண்ணெய் போதாது என்பது எனக்குக் கணக்காகவே தெரியும். ஆனாலும் என் தொட்டி குறைவதில்லை. ஏன் என்று ஒருநாள் மேற்கே போய்ப் பார்த்தேன். அவள் தன் இயந்திரங்களில் பாதியை நிறுத்திவைத்திருந்தாள்.

"ஒனக்குப் போகட்டும்னுதான்ட்டி" என்றாள்.

நான் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன், அவளிடம் இல்லை... ஒவ்வொரு நாளும் திறந்தவுடன் முதலில் தொட்டியைத்தான் பார்க்கிறேன்.

நிறைந்தே இருக்கிறது.